கால் சுற்று

“ஸ்லோ நிக்கல” என்று சொன்னால் போதும், எங்கள் பக்கத்து மெக்கானிக்குகளுக்கு மேற்கொண்டு எதையும் விளக்க வேண்டாம். ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்ததும் இன்ஜின் தன்பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்க வேண்டும். அப்படி ஓடாமல் இரண்டு தடவை குலுங்கி அணைந்துபோனால் ஸ்லோ நிற்கவில்லை என்று பொருள். மெதுவாக ஓடுவதை ‘நிற்பது’ என்று சொன்னவன் யாரோ, காது உள்ளவன். நல்ல ஸ்லோ ஓடுகிற மாதிரியே இருக்காது. பம்பரம் உறங்குவதுபோல ஓரிடத்தில் நிற்கும்.

பெரியப்பா வைத்திருந்த அம்பாசிடர் 1984 மாடல், மார்க் 4, பெட்ரோல் வண்டி. அது வீட்டுக்கு வந்தபோது எங்கள் கீழ்பென்னாத்தூர் வட ஆற்காடு மாவட்டத்தில் இருந்தது. 1989இல் திருவண்ணாமலை தனி மாவட்டமானது. 2014இல் வங்காளத்து உத்தர்பாராவில் அம்பாசிடர் தயாரிப்பே நின்றுபோனது. வண்டி மட்டும் அதே கொட்டகையில், அதே கடலை மூட்டை வாசனையோடு நின்றுகொண்டிருந்தது. பெரியப்பா போன பிறகு சாவி என்னிடம் வந்தது. சாவியோடு சேர்ந்து இந்த நோயும் வந்தது.

ஓடும்போது ஒரு குறையும் இல்லை. சோமாசிபாடி வேகத்தடையில் காலை எடுத்தால் அணைந்துவிடும். பின்னால் வருகிற பேருந்து ஹாரன் அடிக்கும். நான் சாவியைத் திருகுவேன். வேறோர் ஊரில் ஒரு பட்டறையில் காட்டினேன். ஐந்தே நிமிடத்தில் சரிசெய்து கொடுத்தார்கள், திராட்டில் ஸ்க்ரூவை ஏற்றிவைத்து. வண்டி அணையவில்லை, ஆனால் சும்மா நிற்கும்போதே மேடு ஏறுகிற மாதிரி கத்தியது. வீட்டு வாசலில் சாவியை எடுத்த பிறகும் நாலைந்து தடவை குலுங்கிக் குலுங்கி ஓடிவிட்டுத்தான் ஓய்ந்தது. திராட்டில் கொஞ்சம் திறந்தே இருப்பதால் பெட்ரோலும் காற்றும் உள்ளே போய்க்கொண்டிருக்கும். மின்பொறி இல்லாவிட்டாலும் சிலிண்டருக்குள் கனன்றுகொண்டிருக்கும் கரித்துகள் அதைப் பற்றவைத்துவிடும். தலைவலிக்குக் காதை அடைத்த வைத்தியம் அது.

கடைசியில் எங்கள் ஊரிலேயே பெரியப்பா காலத்து மெக்கானிக்கிடம் கொண்டுபோனேன். திண்டிவனம் சாலையிலிருந்து சற்று உள்ளே, வேப்பமரத்தடியில் ஒரு தகரக் கொட்டகை. பெயர்ப் பலகை கிடையாது. எழுபதை நெருங்குகிற மனிதர். சின்ன வயதில் கிணற்று மேட்டில் ஆயில் இன்ஜின்களுக்குக் காவலிருந்து பழகிய காது அவருக்கு. நாலு கொல்லை தள்ளிப் படுத்திருந்தாலும், தண்ணீர் குறைந்து பம்பு காற்றை இழுக்க ஆரம்பித்துவிட்டதை இன்ஜின் சத்தம் மாறுவதில் கண்டுபிடிப்பாராம்.

“இன்னா தம்பி, கார்புரேட்டர தொட்டுட்டாங்களா?” இதுதான் முதல் கேள்வி.

“ஆமாண்ணே, ஸ்க்ரூவ ஏத்தி வச்சிட்டாங்க.”

“கார்புரேட்டர கடைசியாத்தான் தொடணும். பேசாத புள்ளன்னு எல்லாரும் அதையே அடிக்கிறாங்க.”

பானெட்டைத் தூக்கினார். அம்பாசிடரின் இன்ஜின் அறையில் இன்ஜினைவிட இடம்தான் அதிகம். கையை விட்டு எதையும் தொடலாம், விழுந்த நட்டைக் குனிந்து எடுக்கலாம். அந்தக் கால வண்டிகளில் இதைவிடப் பெரிய தாராளம் சென்னையில் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டுக்குத்தான் உண்டு. மட்கார்டோடு சேர்ந்து முன்பக்கம் முழுவதும் மல்லாந்து திறக்கும். முன்சக்கரத்தின் மேல் உட்கார்ந்துகொண்டே டியூனிங் செய்யலாம். பழுது பார்க்கிறவனுக்கு உட்கார இடம் வைத்துச் செய்த வண்டி.

ஏற்றிவைத்த ஸ்க்ரூவை முதலில் இறக்கினார். இன்ஜின் தடுமாறியது, ஆக்சிலேட்டர் கம்பியில் ஒரு விரலை வைத்து அது செத்துப்போகாமல் பிடித்துக்கொண்டார். பிறகு ஒன்றும் செய்யவில்லை. கண்ணைச் சாலைப் பக்கம் வைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டே இருந்தார். செஞ்சிப் பேருந்து ஒன்று வந்தது. இன்னொரு கையைத் தூக்கி ‘இரு’ என்று எனக்குக் காட்டினார். பேருந்து போய், அதன் ஹாரனும் ஓய்ந்த பிறகுதான் கை இறங்கியது. பௌர்ணமி அன்றைக்கு டியூனிங் வேலையே எடுக்க மாட்டாராம். சென்னையிலிருந்து கிரிவலத்துக்கு வருகிற வண்டிகள் பெரும்பாலும் இந்தச் சாலை வழியாகத்தான் போகும். அந்த இரைச்சலில் ஸ்லோ கேட்காது.

அவர் என்ன கேட்கிறார் என்பதை வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன். நல்ல ஸ்லோவில் இந்த இன்ஜின் நிமிடத்துக்குச் சுமார் 600 சுற்று சுற்றும். ஒரு சிலிண்டர் இரண்டு சுற்றுக்கு ஒரு முறை வெடிக்கும். அப்படியானால் ஒரு சிலிண்டருக்கு நொடிக்கு 5 வெடி, நான்குக்கும் சேர்த்து 20. மனிதக் காது அதிர்வுகளை ஒரே ஒலியாக இழைத்துக் கேட்கத் தொடங்குவதும் ஏறக்குறைய நொடிக்கு 20இல்தான். அதற்குக் கீழே அடி அடியாகக் கேட்கும். அதற்கு மேலே சுருதியாகிவிடும். அம்பாசிடரின் ஸ்லோ சரியாக அந்த வரப்பின்மேல் நிற்கிறது. தாளமா சுருதியா என்று காது முடிவு செய்வதற்குள் அடுத்த நொடி வந்துவிடுகிறது. பழைய வண்டியின் ஸ்லோ ஏன் இத்தனை இதமாக இருக்கிறது என்பதற்கு எனக்குக் கிடைத்த விடை இது. ஒரு சிலிண்டர் சோர்ந்தாலோ, நொடிக்கு ஐந்து தடவை அந்த இழையில் ஒரு முடிச்சு விழும். ஐந்தை எவரும் எண்ணிவிடலாம். கூத்து மேடையில் மிருதங்கக்காரர் ஓர் அடியை விழுங்கினால் கடைசி வரிசைக் கிழவி தூக்கம் கலைந்து நிமிர்கிறாளே, அதே கணக்கு.

அடுத்து பின்பக்கம் போனார். செய்தித்தாளில் உள்ளங்கை அளவு கிழித்து சைலன்சர் வாயருகே பிடித்தார். தாள் வெளியே தள்ளப்பட்டுச் சீராக அடித்துக்கொண்டிருந்தது. எக்ஸாஸ்ட் வால்வு எரிந்து போயிருந்தால் தாள் அவ்வப்போது உள்ளே இழுக்கப்படுமாம். இழுக்கவில்லை. “நெஞ்சு நல்லாருக்கு,” என்றார்.

பிறகு ஓடிக்கொண்டிருக்கும்போதே ரப்பர் துண்டைச் சுற்றி ஒவ்வொரு பிளக் வயராகப் பிடுங்கி மாட்டினார். எதைப் பிடுங்கினால் சத்தம் மாறவில்லையோ அதுதான் குற்றவாளி. உழைக்கிறவன் விலகினால் வீடு ஆட்டம் காணும். உழைக்காதவன் விலகினால் யாருக்கும் தெரியாது. மூன்றையும் நான்கையும் பிடுங்கியபோது இன்ஜின் தலைகுப்புற விழப் பார்த்தது. ஒன்றும் இரண்டும் போனபோது சின்ன முனகலோடு சரி. பிளக்குகளைக் கழற்றி, கழற்றிய வரிசையிலேயே மட்கார்டின் மேல் வைத்தார். மூன்றும் நான்கும் பிஸ்கட் நிறம், இருக்க வேண்டிய நிறம். ஒன்றும் இரண்டும் சுண்ணாம்பு பூசியதுபோல வெளுத்திருந்தன. வெளுப்பென்றால் காற்று கூடிப்போயிருக்கிறது, பெட்ரோல் குறைவு. கறுப்பென்றால் நேர்மாறு.

“பாத்தியா? ரெண்டும் ஒட்டிகினு கீது. ஒரே வாசல்ல ஓட்டை.”

இந்த ஒரு வாக்கியத்தை ரசிக்க இன்ஜினின் உள்ளமைப்பு கொஞ்சம் தெரிய வேண்டும். அம்பாசிடரின் இந்த 1489 சிசி இன்ஜின் பிரிட்டனின் பிஎம்சி பி வரிசையைச் சேர்ந்தது. நான்கு சிலிண்டருக்கு நான்கு நுழைவாசல் இல்லை, இரண்டுதான். ஒன்றும் இரண்டும் ஒரு வாசலைப் பங்கிட்டுக்கொள்கின்றன, மூன்றும் நான்கும் இன்னொன்றை. வெடிக்கும் வரிசை 1-3-4-2. எனவே மூன்று இழுத்த உடனே அதே வாசலில் நான்கு இழுக்கும். இரண்டு இழுத்த உடனே ஒன்று இழுக்கும். பந்தியில் ஒரே வாளியிலிருந்து அடுத்தடுத்த இலைக்குப் பரிமாறுவதுபோல, முதல் இலைக்கும் இரண்டாம் இலைக்கும் அளவு துளி வித்தியாசப்படும். அதனால் இந்த இன்ஜினின் ஸ்லோ ஒருபோதும் மிஷினில் அடித்த தையல்போல இருக்காது. கைத்தையல்போல ஒரு மெல்லிய ஏற்ற இறக்கம் அதன் பிறவியிலேயே உண்டு. எந்த ஏற்ற இறக்கம் பிறவி, எது நோய் என்று பிரிக்கத் தெரிவதுதான் மெக்கானிக்கின் நயம். அடுத்தடுத்த இரண்டு பிளக் சேர்ந்து வெளுத்ததைப் பார்த்தவுடன் அவர் கண் கார்புரேட்டருக்குப் போகவில்லை, பிளக் வயருக்குப் போகவில்லை. அந்தப் பொது வாசலின் பேக்கிங்குக்குப் போனது.

ஆயில் கேனை எடுத்து, இன்டேக் மேனிஃபோல்டு சிலிண்டர் ஹெட்டோடு சேரும் இடத்தில் ஒரு சொட்டு விட்டார். பின்பக்க வாசலில் விட்டபோது ஒன்றும் இல்லை. முன்பக்க வாசலின் அடிவிளிம்பில் விட்டதும் எண்ணெய் மேலே நிற்காமல் உள்ளே போனது. இன்ஜின் இரண்டு நொடி நன்றாக ஓடிவிட்டு மறுபடி தடுமாறியது. ஓட்டையை எண்ணெய் அடைத்த அந்த இரண்டு நொடிதான் முழு வைத்தியக் குறிப்பும். அன்றைய நாளில் நான் பார்த்த மிக அழகான காட்சி எது என்று கேட்டால் அந்தச் சொட்டு எண்ணெய் காணாமல் போனதைத்தான் சொல்வேன்.

ஏன் அங்கே ஓட்டை விழுந்தது? இந்த இன்ஜினில் காற்று உள்ளே போகும் குழாயும் புகை வெளியே வரும் குழாயும் ஒரே பக்கம், அடுத்தடுத்து. ஒரு தடித்த வாஷர் பாதி இதன்மேலும் பாதி அதன்மேலும் உட்கார்ந்து, ஒரே நட்டில் இரண்டையும் அழுத்திப் பிடிக்கிறது. இரண்டு விளிம்புக்கும் கனம் இம்மியளவு மாறினாலும் வாஷர் சாய்ந்துவிடும். ஒன்று இறுகும், மற்றது இளகும். நட்டு இறுக்கமாகத்தான் இருந்தது, பேக்கிங்தான் ஒரு பக்கம் அழுந்தவே இல்லை. திருவண்ணாமலையிலிருந்து புதுப் பேக்கிங் வர மறுநாள் ஆனது. விளிம்புகளை உப்புத்தாளில் தேய்த்து மட்டம் பார்த்து மாட்டினார்.

இத்தோடு முடிந்தது என்று நினைத்தேன். அவர் அப்போதுதான் தொடங்கினார். டேப்பெட்டை வேகமாக முடித்தார். அதில் அவருக்கு ஒரே கொள்கை, சத்தம் போடுகிற டேப்பெட்டை நம்பலாம், சத்தமே போடாததை நம்பக்கூடாது. இடைவெளி இல்லாவிட்டால் வால்வு முழுதாக மூடாது, சத்தமில்லாமல் எரிந்துபோகும். டெல்கோ என்று எல்லோரும் சொல்கிற டிஸ்ட்ரிபியூட்டரின் மூடியைக் கழற்றிப் பாயிண்டைப் பார்த்தார். பிளாட்டினம் என்று பெயர், இருப்பது டங்ஸ்டன். ஒரு பக்கம் மேடும் மறுபக்கம் பள்ளமுமாகத் தேய்ந்திருந்ததை மாற்றிவிட்டு, 15 தௌ இடைவெளி வைத்தார். அங்குலத்தில் ஆயிரத்தில் பதினைந்து பங்கு, ஒரு மில்லிமீட்டரில் பாதிகூட இல்லை. ஃபீலர் கேஜின் தகட்டை என் கையில் கொடுத்து உருவச் சொன்னார். ஈர வாழையிலையை அடுக்கிலிருந்து உருவும்போது விரலில் ஒரு பிடி தெரியுமே, அதுதான் அளவு. வழுக்கினால் அதிகம், இழுத்தால் குறைவு. ஸ்லோவில் நொடிக்கு இருபது தடவை திறந்து மூடுகிற கதவு அது.

இத்தனைக்கும் பிறகு, கடைசியில், கார்புரேட்டர்.

சோலெக்ஸ். மேல்மூடியைத் திறந்து ஸ்லோ ஜெட்டைக் கழற்றி என் உள்ளங்கையில் போட்டார். மூக்குத்தித் திருகாணியைவிடக் கொஞ்சம் பெரிய பித்தளைத் துண்டு. அதில் பொறித்திருக்கும் எண், துளையின் விட்டத்தை மில்லிமீட்டரின் நூறில் ஒரு பங்காகச் சொல்கிறது. 50 என்றால் அரை மில்லிமீட்டர். ஒன்றரை லிட்டர் இன்ஜின் சும்மா நிற்கும்போது குடிக்கிற பெட்ரோல் முழுவதும் இந்தத் துளை வழியாகத்தான் வருகிறது. திராட்டில் மூடியிருக்கும்போது கார்புரேட்டரின் தொண்டையில் மெயின் ஜெட்டிலிருந்து பெட்ரோலை உறிஞ்சும் அளவுக்குக் காற்றின் வேகம் இருக்காது. ஆனால் மூடிய தகட்டுக்குக் கீழே இன்ஜின் பலமாக உறிஞ்சிக்கொண்டிருக்கும். அந்த இடத்தில் ஊசிமுனைத் துளை ஒன்றை வைத்து, ஸ்லோ ஜெட்டிலிருந்து வரும் பெட்ரோலைக் காற்றோடு நுரைத்து அங்கே விடுகிறார்கள். பெரிய வழி அடைபட்டிருக்கும்போது அந்த அடைப்பையே உயிராகக் கொள்கிற சின்ன வழி. வடிவமைத்தவனின் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம்.

ஜெட்டைக் கம்பியால் குத்தக்கூடாது என்பதில் அவர் பிடிவாதம். பித்தளை மெது, கம்பி ஒரு தடவை போய்வந்தால் 50 வேறு எண்ணாகிவிடும், பொறித்த எழுத்து மட்டும் பொய் சொல்லிக்கொண்டிருக்கும். பெட்ரோலில் அலசி, வாயில் வைத்து ஊதி, வேப்பிலைகளுக்கு நடுவே தெரிகிற வானத்துக்கு நேராகப் பிடித்துப் பார்த்தார். துளையில் ஒரு நீலப் புள்ளி தெரிந்தது. மாட்டினார்.

அடுத்து ஏர் ஸ்க்ரூ. இதுவும் தப்பான பெயர்தான். சோலெக்ஸில் இந்தத் திருகு அளப்பது வெறும் காற்றையல்ல, அந்த நுரையை. உள்ளே திருகினால் நுரை குறையும், வெளியே திருகினால் கூடும். முதலில் முழுதும் உள்ளே. அதுவும் முட்டும் வரை மட்டும். அழுத்தினால் கூர்முனையில் வளையம் விழுந்து திருகு வீணாகிவிடும். பிறகு ஒன்றரைச் சுற்று வெளியே. சோமாசிபாடி வரை ஓட்டிப் போய் இன்ஜினைச் சூடாக்கிக்கொண்டு வந்தோம். ஆறின இன்ஜினில் ஸ்லோ வைப்பது பசியோடிருக்கிறவனிடம் சமையலுக்கு ருசி கேட்பது மாதிரி என்றார்.

இடக்கையில் திராட்டில் ஸ்க்ரூ, வலக்கையில் ஏர் ஸ்க்ரூ. வெளியே திருகத் திருக இன்ஜின் கனத்தது. ஒரே சீராக மூச்சு வாங்கியது, கும்... கும்... என்று அலையலையாக. சைலன்சரில் பெட்ரோல் வாடை. “இது அதிகம் தின்னவன் நடை.” உள்ளே திருகினார். அலை மறைந்தது, சத்தம் தெளிந்தது, இன்னும் உள்ளே போனதும் அங்கங்கே பட், பட் என்று தெறித்தது. ஒழுங்கே இல்லாத தெறிப்பு. “இது பட்டினி.” பணக்காரத் தடுமாற்றத்துக்கு ஒரு தாளம் உண்டு, ஏழைத் தடுமாற்றத்துக்கு அதுகூட இல்லை என்பதை அன்றுதான் தெரிந்துகொண்டேன். இரண்டுக்கும் நடுவில் ஏறக்குறைய அரைச் சுற்று அகலமுள்ள சமவெளி ஒன்று இருக்கிறது. அதில் எந்த இடம் என்பதுதான் கேள்வி. ஏர் ஸ்க்ரூவை நகர்த்தினால் வேகம் கூடும். கூடிய வேகத்தைத் திராட்டில் ஸ்க்ரூவால் குறைப்பார். குறைத்ததும் மறுபடி ஏர் ஸ்க்ரூவில் அரைக்கால் சுற்று. ஒருவர் விட்டுக்கொடுக்க மற்றவர் எடுத்துக்கொள்ளும் இந்தப் பேச்சுவார்த்தை ஐந்தாறு முறை நடந்தது. ஒவ்வொரு முறையும் திருகின அளவு குறைந்துகொண்டே வந்தது. கடைசி ஒன்று திருகினதா, தொட்டதா என்றே சொல்ல முடியாது.

“மலைய சுத்த வர்றவங்கல்லாம் சும்மா இருக்கக் கத்துக்கத்தான் வர்றாங்க. இதுக்கும் அதான் தம்பி கஷ்டம். ஓடுன்னா எந்த இஞ்சினும் ஓடும்.”

இன்னொன்றும் சொன்னார், மெக்கானிக்காக அல்ல, கணக்குப்பிள்ளைபோல. இந்த வண்டிக்குப் பெரியப்பா காலத்தில் ஏர் ஸ்க்ரூ ஒன்றேகால் சுற்றில் நின்றதாம். அன்றைக்கு ஈயம் கலந்த பெட்ரோல். 2000 பிப்ரவரியிலிருந்து நாடு முழுவதும் ஈயமில்லாதது மட்டும். இப்போது பங்கில் கிடைப்பது 20 விழுக்காடு எத்தனால் கலந்தது. எத்தனாலில் ஆக்சிஜன் ஏற்கெனவே இருக்கிறது. வெறும் பெட்ரோல் எடைக்கு 14.7 மடங்கு காற்றோடு சரியாக எரியும். இந்தக் கலவைக்கு 13.5 மடங்கு போதும். பழைய ஜெட்டுக்கு இது தெரியாது. பழைய அளவே விடுகிறது, இன்ஜின் லேசாகப் பட்டினி கிடக்கிறது. இன்றைய வண்டிகளில் புகைக்குழாயில் இருக்கும் சென்சார் ஆக்சிஜனை அளந்து சொல்ல, கம்ப்யூட்டர் பெட்ரோலைக் கூட்டிக்கொள்ளும். அம்பாசிடரில் அந்த வேலைக்கு இருப்பது இவருடைய காது. பழைய ரப்பர்களையும் எத்தனால் தின்றுவிடும் என்று பெட்ரோல் குழாயை மாற்றச் சொன்னார். ஏசி என்கிற பெட்ரோல் பம்பின் டயாஃப்ரத்தை அடுத்த மாதம் பார்க்கலாம் என்றார். சித்திரை வெயிலில் பம்பு சூடேறி மக்கர் செய்தால் ஈரத்துணி சுற்றச் சொல்லித் தரவில்லை. அது இந்தப் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும்.

பானெட்டை மூடாமல் ஸ்லோவில் விட்டுவிட்டு இருவரும் டீ குடித்தோம். கால் மணி நேரம். ஃபேன் சுற்றியது, டேப்பெட்டுகள் நான் இன்னும் இருக்கிறேன் என்று நிதானமாகச் சொல்லிக்கொண்டிருந்தன, அடியில் அந்த இருபது. அந்தப் பிறவி ஏற்ற இறக்கம் மட்டும் மெல்லக் கேட்டது, முடிச்சு இல்லை. திண்டிவனம் பேருந்து ஒன்று போனது. அது போன பிறகும் சத்தம் அதே இடத்தில் நின்றது.

டெஸ்டரை எடுத்து, ஏர் ஸ்க்ரூவைச் சுற்று எண்ணிக்கொண்டே முட்டும் வரை உள்ளே திருகி, எண்ணின அதே அளவு வெளியே கொண்டுவந்து நிறுத்தினார். பெரியப்பாவின் பழைய சர்வீஸ் நோட்டில் எழுதிக்கொள்ளச் சொன்னார்.

ஒன்றே முக்கால் சுற்று.